பொழுது சாய்ந்தால் போகிற சிக்னல்

ஜூலை 8

இன்றும் போயிற்று. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு நான் வருவதற்குள் மகள் ரிஹாப் அழைத்திருந்தாள். நஷ்மிய்யா கைபேசியைத் தேநீர்ப் பானைமேல் சாய்த்து வைத்து, முகம் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் மகள் இரண்டு கைகளையும் தூக்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் சுற்றும் வட்டம், பிறகு கறுப்பு.

மற்ற வீடுகளில் படம் நின்றால் குரலாவது வரும். என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கும் அவளை யாரும் அனுப்பவில்லை. அவளுக்கும் மகளுக்கும் நடுவில் இருப்பது கைகள் மட்டுமே. படம் நின்றால் பேச்சே நின்றது.

ரிஹாபுக்கு ஒன்பதாம் மாதம். ஸ்வீடனில் தலைப்பிரசவம். விசா கேட்டோம், இல்லை என்றுவிட்டார்கள். "போக முடியலன்னா என்ன, தினம் பார்த்துக்கலாம்" என்று நான்தான் ரிஹாப் வழியாகச் சொல்லி நஷ்மிய்யாவைத் தேற்றினேன். வாய்ச்சவடால்!

ஜூலை 9

பகலில் மாடி ஏறிப் பார்த்தேன். ஆண்டெனாத் தட்டு அசையவில்லை, கம்பியில் துரு இல்லை. நெட் சிக்னல் வருகிற செங்கல் சூளைக் கோபுரத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிகிறது. சிக்னல் மைனஸ் ஐம்பத்தெட்டு, இதைவிட நல்ல எண் எவனுக்கும் வேண்டாம். பொழுது சாய்ந்ததும் மைனஸ் எண்பத்தைந்து. அதோடு இணைப்பு செத்தது.

ஜெனரேட்டர்தான் என்று நினைத்தேன். மாலையில் ஊரே குளிர்சாதனத்தைப் போடுகிறது, மின்சாரம் முக்குகிறது. ரவுட்டரை பேட்டரியில் போட்டுப் பார்த்தேன். பலன் இல்லை.

ஊரில் வேறு ஒரு வீட்டிலும் இந்தத் தொல்லை கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 10

பக்கத்து வீட்டு அபூ ஸஜ்ஜாத் சந்தையில் பிடித்துக்கொண்டார். போன வாரம்தான் மகன் கல்யாணத்தை ஜாம்ஜாம் என்று நடத்தியவர், இன்னும் அந்தக் குஷியிலேயே இருக்கிறார்.

"என்ன அபூ ரிஹாப், ஊருக்கே நெட் குடுக்கிற மனுஷன், உங்க வீட்டுலயே படம் ஓடலையாமே? அந்தக் கோபுரத்தோட ஏதும் சண்டையா?"

தர்பூசணிக்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 11

தட்டை மாற்றினேன். கம்பியை மாற்றினேன். கோபுரத்தில் ஏறி அந்த முனையையும் பார்த்தேன். அலைவரிசையை மூன்று தடவை மாற்றினேன். மாலையில் அதே கதை.

நஷ்மிய்யா இன்று கைபேசியை எடுக்கவே இல்லை. வெண்டைக்காயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். உப்பு, தண்ணீர், சந்தை, காசு, தூக்கம், இதற்கெல்லாம் என் கையில் வார்த்தை இருக்கிறது. "கவலைப்படாதே, நான் இருக்கிறேன்" என்பதற்கு? ரிஹாப் நான்கு வயதிலிருந்து எங்களுக்கு நடுவில் நின்று இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே சொல்லிக்கொண்டே வளர்ந்தாள். பெரிய பேச்செல்லாம் அவள் வழியாகவே போகும். நெஞ்சில் கை வைத்தேன், தரையைக் காட்டினேன். நஷ்மிய்யா என்னைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த பாயைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாள். தரை சுடுகிறது என்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல.

ஜூலை 13

மருமகன் முஹன்னத் படம் இல்லாமல் குரலில் மட்டும் அழைத்தான். ரிஹாபுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இருபதாம் தேதி வயிற்றைக் கீறி எடுப்பார்களாம்.

"மாமா, வார்டுல பகல்ல வீடியோ போட விடமாட்டாங்க. சாயங்காலம் நான் பார்க்கப் போற நேரம்தான். ரிஹாப் அழுதுகிட்டே இருக்கா. அம்மா கையைப் பார்க்காம ஆபரேஷனுக்கு உள்ளே போக மாட்டேங்கிறா. ஏதாவது பண்ணுங்க மாமா."

ஏதாவது பண்ணுங்களாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிற மகளை வேறு வீட்டில், ஊரார் கண் முன்னால் திரையில் காட்டவா முடியும்? தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேனே, அது போதாதா? அவனிடம் கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்!

நஷ்மிய்யாவிடம் வயிற்றில் கத்தியை எப்படிக் காட்டுவது? காட்டினேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்ததும், காட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஜூலை 14, வெள்ளி

அதிசயம். மாலையில் புழுதிப்புயல். வானம் செங்கல் நிறம். கோபுரம் கண்ணுக்கே தெரியவில்லை. ஊர் முழுக்க மாடியில் போட்ட படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடியது. நாங்களும்தான். இன்றைக்குச் சுத்தமாகப் போச்சு என்று ரவுட்டரைப் பார்த்தால் மைனஸ் ஐம்பத்தொன்பது!

நஷ்மிய்யாவும் ரிஹாபும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். ரிஹாப் ஒரு தாதியைப்போல நடந்து காட்ட, தாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் நகரவில்லை.

புழுதியில் பிழைக்கிற சிக்னல் தெளிந்த வானத்தில் ஏன் சாகிறது?

ஜூலை 15

புழுதி அடங்கியது. மாலையில் மறுபடி மைனஸ் எண்பத்தைந்து.

தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். நேற்று என்ன இல்லை, இன்று என்ன இருக்கிறது? நேற்று மாடியில் ஆள் இல்லை. ஒரு மாடியிலும்.

மண்டையில் யாரோ குட்டியது போலிருந்தது. நான் ஏறிப் பார்த்ததெல்லாம் பகலில். பகலில் மாடிகள் காலி. மாலையில் அவை குடும்பங்களின் படுக்கையறை. வேற்று ஆண் அந்த நேரத்தில் எந்த மாடியிலும் கால் வைக்க மாட்டான். தன் மாடியில் படுக்கிறவனும் தன் தரையைத்தான் பார்ப்பான். பக்கத்து மாடிப்பக்கம் கண்ணைத் திருப்பினால் அவன் மனிதனா? பதினெட்டு வருடமாக இந்தத் தொழில். வெயில் காலத்தில் அந்தப்பக்கம் நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

நஷ்மிய்யாவை மேலே அனுப்பினேன். கோபுரம் இருக்கும் திசையைக் கையால் காட்டி, "பார்" என்றேன். போனாள், வந்தாள். கைகளால் ஒரு சுவர் எழுப்பினாள். அவள் தலைக்கும் மேலே. பிறகு நாணலைப் பின்னிக் காட்டினாள், குடத்தால் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள்.

அபூ ஸஜ்ஜாதின் புது மருமகளுக்காகக் கட்டிய தட்டி! கல்யாண ஜோடிக்கென்று இரட்டை நாணல் பாய், ஆள் உயரத்துக்கும் மேல். காற்று குளிர்ந்து வரட்டும் என்று பொழுது சாய்ந்ததும் நனைக்கிறார்கள். காலையில் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். எங்கள் தட்டுக்கு நேர் எதிரே ஈரச்சுவர். அதைத் தாண்டி எந்த அலை வரும்?

"ஏன் சொல்லல?" என்று கையால் கேட்டேன்.

தோளைக் குலுக்கினாள். கம்பியைக் காட்டி, என் கையைக் காட்டி அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான்: "நெட்டு கம்பியில வருதுன்னு நினைச்சேன். நீ எப்பப் பார்த்தாலும் கம்பியைத்தானே நோண்டுற?"

ஜூலை 16

கண்டுபிடித்தால் போதுமா? யாரிடம் போய்ச் சொல்வது? "உங்க மருமக படுக்கைத் தட்டி எனக்கு மறைக்குது" என்றால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்றுதானே முதல் கேள்வி வரும்.

அதனால் யாருக்கும் சொல்லாமல், பகலில் நீளக் குழாய் ஒன்றை நட்டு, ஆண்டெனாவை அந்த நாணல் தட்டிக்கும் மேலே ஏற்றிவிட்டேன். மாலையில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. கெட்டிக்காரன்டா ஷாக்கிர் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 17

கெட்டிக்காரன் மூக்கு உடைந்தது. காலையிலேயே அபூ ஸஜ்ஜாத் வாசலில். குஷி எல்லாம் போய்விட்டது. உள்ளே வரவும் இல்லை, தேநீரும் வேண்டாமாம்.

"முப்பது வருஷப் பழக்கம்னு பார்க்கிறேன். அந்த வெள்ளைக் கண்ணை எதுக்கு என் மருமக மேல நட்டு வச்சிருக்கீங்க? பொண்ணு பயந்து போய் நேத்து கீழேயே வெந்துகிட்டுப் படுத்தா."

"ஹாஜி, அது கண்ணு இல்ல. அதுக்குப் பார்வையே கிடையாது, சத்தியமா..."

"எனக்குத் தெரியும். பொண்ணுக்குத் தெரியுமா? ஊருக்குத் தெரியுமா?"

அவர் சொல்வதில் தப்பு என்ன? ரிஹாப் புதுப்பெண்ணாக இருந்தபோது எவனாவது அப்படி ஒரு வட்டத்தை அவள் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியிருந்தால் நான் கல்லை எடுத்திருப்பேன். அவர் தெரு முனையைத் தாண்டுவதற்குள் குழாயைப் பிடுங்கிவிட்டேன். மாலையில் மறுபடி கறுப்புத் திரை. நஷ்மிய்யா அதன் முன்னால் உட்கார்ந்தே இருந்தாள்.

இன்னும் மூன்று நாள்.

ஜூலை 18

நஷ்மிய்யா பால்சோறு செய்து, இலவங்கப்பட்டை தூவி, தட்டை மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். என்னைக் கேட்கவில்லை. கைபேசியையும் எடுத்துப் போனாள்.

வெகுநேரம் கழித்து வந்தாள், கூடவே அந்தப் புது மருமகள் திஜ்லாவும். நான் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நஷ்மிய்யா ரிஹாபின் படத்தைக் காட்டியிருக்க வேண்டும். வயிற்றைக் காட்டியிருக்க வேண்டும், மாடித் தட்டியையும். கதவுக்கு அப்பால் அந்தப் பெண் உரக்கப் பேசியதெல்லாம் எனக்குத்தான்.

"மாமா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா என்ன? அத்தை பேசி முடிக்கிற வரைக்கும் தட்டியை நான் கட்டவே மாட்டேன். நாங்க கொஞ்சம் லேட்டா மேல போறோம். ஒரு மணி நேரத்துல உருகியா போயிடுவேன்? மாமனாருக்கு நான் சொல்லிக்கிறேன். அவரு கத்துவாரு, அப்புறம் சரின்னுடுவாரு."

"அல்லாஹ் உன்னை நல்லா வைக்கட்டும்மா" என்று கதவுக்கு உள்ளிருந்தே சொன்னேன்.

ஜூலை 19

மைனஸ் ஐம்பத்தெட்டு. தாயும் மகளும் மாலை முழுக்கப் பேசினார்கள். கடைசியில் நஷ்மிய்யா இரண்டு உள்ளங்கைகளையும் திரையில் ஒட்டி வைத்தாள். ரிஹாபும் வைத்தாள். நாளைக்கு உள்ளே போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

அபூ ஸஜ்ஜாத் தெருவில் முறைத்தார். பிறகு, "பொண்ணு எப்படி இருக்கா?" என்றார்.

ஜூலை 20

பேத்தி. இருவரும் நலம். அல்ஹம்துலில்லாஹ்.

மாலையில் அழைப்பு வந்தது. படம் துல்லியம். ரிஹாப் வெளுத்துப்போய்ச் சாய்ந்திருந்தாள். ஒரு கையில் சொட்டு மருந்து ஊசி. மறு கையை நெஞ்சில் கிடக்கும் குழந்தைக்கு அடியிலிருந்து எடுக்க முடியவில்லை. நஷ்மிய்யா கேள்விமேல் கேள்வி கேட்டாள். ரிஹாபால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். முஹன்னத்துக்கு ஒரு சைகையும் தெரியாது.

"யாபா" என்று என்னை வாயால் கூப்பிட்டாள் மகள். "நீங்க சொல்லுங்க அம்மாகிட்ட."

நானா?

"வலி பெருசா இல்லைன்னு சொல்லுங்க." சொன்னேன். "ராத்திரியெல்லாம் அம்மா கையை நினைச்சுக்கிட்டே இருந்தேன்னு சொல்லுங்க." கொஞ்சம் திணறினேன். ராத்திரி, கை... நினைப்பதற்கு என்ன செய்ய? நெற்றியைத் தொட்டு நெஞ்சைத் தொட்டேன். நஷ்மிய்யா என் விரலைப் பிடித்து மெல்லத் திருத்தினாள். மறுபடி சொன்னேன்.

"பாப்பாவுக்குக் காது நல்லா கேட்குதாம், டாக்டர் பார்த்தாச்சு. ஆனா முதல்ல கையாலதான் பேசக் கத்துக் குடுப்பேன்னு சொல்லுங்க."

இது நீளமான வாக்கியம். பாதியில் தப்பாகி, அழித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே திரையில் அவளுடைய பேத்தி கொட்டாவி விடுகிறாள், இத்தனை நாள் இதற்காகத்தானே தவித்தாள். நஷ்மிய்யா திரையைப் பார்க்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.