குழாய் மனுவில் ஓர் ஆங்கிலத் தொடர்

12 ஏப்ரல் 1958, சனிக்கிழமை

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருக்குழாய் வறண்டு இன்றோடு ஒன்பது நாள். தெருக் கமிட்டி கூடி வரலாற்று முடிவொன்றை எடுத்தது: தண்ணீர் ஆபீசுக்கு எழுதும் மனுவில் ‘ஹார்ட் நட் டு க்ராக்’ என்ற தொடர் இடம்பெறும். சுலபத்தில் தீராத பிரச்சினை என்று பொருள்.

“அப்பதான் ஆபீசர் நம்மள மதிப்பாரு” என்றார் தலைவர், ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா.

“தண்ணி வரலேன்னு எழுதுங்கண்ணா. கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு அல்லாடறேன்” என்றாள் எதிர்வீட்டுத் தாயம்மா.

“அத யாரு வேணா எழுதலாம்மா.”

தொடரை மனுவின் தொடக்கத்தில் வைப்பதா, முடிவில் வைப்பதா என்பதிலேயே பகல் ஒன்றரை ஆகிவிட்டது. நானும் வாதாடினேன்; என் மேலேயே எனக்கு அந்த எரிச்சல்தான் அதிகம். மனுவோடு போய்ப் பார்த்தால், சனிக்கிழமை என்பதால் ஆபீஸை ஒரு மணிக்கே மூடிவிட்டிருந்தார்கள். வாசலில் இருந்த பியூன் திங்கட்கிழமை வரச் சொன்னான்.

மாலையில் தாயம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிங்கராஜபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.