கடைசிப் பக்கம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது, மதாம்

என் மதாம் எலேனுக்கு,

ஐந்து மாதம் தாமதம். திட்டுங்கள். சரியான வார்த்தை அகப்படும்வரை மாற்றி மாற்றித் திட்டுவீர்களே, அதையாவது இன்னொரு தடவை கேட்கலாம் போலிருக்கிறது.

என் மகள் வள்ளிக்கு நேற்றுதான் காய்ச்சல் விட்டது. நீங்கள் பார்க்காத பெண். இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். குளிர்ந்திருந்தால் ஏன் இவ்வளவு குளிர்ச்சி என்று பயம். சுட்டால் சொல்லவே வேண்டாம். இன்று காலை நான் செய்த காரியத்துக்கு இன்று முழுக்க இப்படித்தான் எழுந்து எழுந்து உட்காரப்போகிறேன்.

பாரிஸிலிருந்து உங்கள் பதிப்பாளர் எழுதியிருக்கிறார். புத்தகம் அச்சுக் கோத்தாயிற்றாம். கடைசிப் பக்கம் மட்டும் வெறுமையாக வந்திருக்கிறதே, விட்டுப்போயிற்றா என்று கேட்கிறார். வெள்ளிக்கிழமைக் கப்பலில் பதில் போயாக வேண்டும். விட்டுப்போகவில்லை ஐயா, என்று எப்படி எழுதுவேன்? என்னிடம் இருக்கும் மூலப் பிரதியில் அந்தப் பக்கத்து மூலையில் உங்கள் பென்சில் எழுத்து இருக்கிறது: "இது பாக்கியத்துக்கு."

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரோஸ் பெல் ஊரில் எங்கள் இரண்டு துண்டுக் கரும்பு நிலத்துக்கு அந்தப்பக்கம், மரவீட்டில், முப்பது வருஷம் இருந்தீர்கள். இந்தத் தீவைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதிய எட்டுப் புத்தகமும் கிரேக்க நாட்டைப் பற்றித்தான். அதன் பழைய நாடகங்கள், தீவுகள், மீனவர் வீட்டுப் பெண்களின் பாட்டுகள். நான் கல்லூரி முடித்துவிட்டு உங்களுக்குப் பிரதி எழுத வந்தவள்.

நீங்கள் உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. நடந்துகொண்டே சொல்வீர்கள், நான் எழுதுவேன். பிறகு அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் சமையல்காரி கிளேராவுக்கு வாசிக்க வேண்டும். காய் நறுக்குகிற கத்தி நின்றால் அந்த வாக்கியம் பிழைத்தது. நிற்காவிட்டால் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவீர்கள். ஒருநாள் கிரேக்க ராணி ஒருத்தி அழுவதை இரண்டு பக்கம் வாசித்தேன். கிளேரா நறுக்கிக்கொண்டே, "அந்த அம்மாவுக்கு வீட்டில வேலையே இல்லையா?" என்றாள். இரண்டு பக்கமும் போயிற்று. நீங்கள் சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின.

கடைசிப் புத்தகம் கிரேக்கக் கிராமத்துப் பெண்கள் செத்தவர்களிடம் பேசுவதைப் பற்றியது. நேரே கூப்பிட்டு, கேள்வி கேட்டு, வீட்டுச் செய்தி சொல்லி, ஏன் போனாய் என்று ஏசி அழுவார்களாம். எழுதிக்கொண்டிருந்தவள், "இது எங்கள் ஒப்பாரி, மதாம்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் நடை நின்றது. பாடிக் கேட்டாக வேண்டும் என்றீர்கள். அன்றிலிருந்து என் மாமியாருக்கு நிம்மதி போயிற்று.

"சாவில்லாத வீட்டுல ஒப்பாரி வச்சா சாவை வா வான்னு கூப்புடற மாதிரி. உன் மதாம் புஸ்தகம் எழுத என் வீடுதான் கெடைச்சுதா?"

இதை நான் பிரெஞ்சில் சொன்னதும் நீங்கள் கேட்டீர்கள்: "வீடே இல்லாத இடத்தில் பாடலாமா?"

அதனால்தான் மூன்று பேரும் தலைக்கு மேல் உயர்ந்த கரும்புக்குள் நுழைந்தோம். மாமி, பத்து வருஷத்துக்கு முன் செத்த மாமாவைச் சொல்லித் தொடங்கினார், சும்மா காட்டுவதற்காக. பாட்டின் மூன்றாவது அடியில் குரல் நிஜமாகவே உடைந்துபோனது. சத்தம் கேட்டுக் கரும்புத் தோட்டத்துக் கங்காணி, சர்தார், ஆள்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரு போயிட்டா?"

"என் புருஷன்."

"அவர் போயி பத்து வருஷமாச்சே! சேதி இப்பத்தான் வந்துச்சா?"

மாமி மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஒனக்கு அழறப்போ சொல்லியனுப்பறேன், போய்யா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்திருந்தீர்கள். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. திரும்பும் வழியில்தான் சோஃபியைப் பற்றிச் சொன்னீர்கள். கிரேக்கத் தீவொன்றில், கப்பலுக்குக் காத்திருந்தபோது, காய்ச்சலில் போன உங்கள் இரண்டு வயது மகள். யாரென்றே தெரியாத பெண்கள் வந்து குழந்தையைச் சுற்றி உட்கார்ந்து விடியும்வரை அழுதார்களாம்.

"அவர்கள் என் மகளிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குப் புரியவில்லை, பாக்கியம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கிரேக்கம் படித்தேன்."

எட்டுப் புத்தகத்துக்கும் இதுதான் காரணமா, மதாம்? அன்று கேட்கத் தோன்றவில்லை. போன வாரம் வள்ளி என் மடியில் அனலாய்க் கிடந்தபோதுதான் தோன்றியது. நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்? அதற்கப்புறம் எப்படி ஒருவேளையாவது சாப்பிட்டீர்கள்?

உங்கள் வாசற்படியில் ஏறும்போது கேட்டீர்கள், "நான் போனால் நீ வாய்விட்டு அழுவாயா? அழுதபின் சொன்னதையெல்லாம் கடைசிப் பக்கத்தில் எழுது." தேநீர் வேண்டுமா என்று கேட்டால் சொல்வதுபோல, "சரி மதாம்" என்றேன்.

நீங்கள் போன அன்று வள்ளிக்குப் பன்னிரண்டு நாள். பச்சை உடம்புக்காரி சாவு வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது. மாமி ஜன்னலைக்கூடச் சாத்திவிட்டார். சாயங்காலம் கிளேரா வேலிக்கு வெளியே நின்று சொன்னாள்: கையுறை போட்ட துரைமார் வந்தார்கள், சாமியார் ஜெபித்தார், ஒருத்தர் இருமக்கூட இல்லை. அழுகைக்காக ஆயுளைக் கொடுத்த உங்களை அழுகையில்லாமல் புதைத்தார்கள்.

அதன்பிறகு பல நாள் உங்களுக்காக அழ வாயைத் திறந்தேன். திறந்தவுடன் தொட்டில் கண்ணில் படும். கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவள் நான். ஒப்பாரிக்குச் சாவு வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். அப்படியும் காய்ச்சல் வந்தது. அப்படியானால் எதற்குப் பயந்திருந்தேன்?

நேற்று பாரிஸ் கடிதத்தைப் பார்த்துவிட்டு மாமி என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கையும்.

"அடிப்பாவி, இத்தனை நாளா அழ ஆளில்லாமலா கெடக்குது அந்தப் பொம்பள?"

"இனி எங்க போய் அழறது மாமி? கரும்பு வெட்டிட்டாங்களே."

"தெக்கால நாலு வரிசை நிக்குது. நாளைக்கு மத்தியானம் அதுவும் போயிடும். காலையில கெளம்பு."

இன்று காலை கிளேராவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனோம். நாலு வரிசைக் கரும்பு எதை மறைக்கும்? அரிவாள்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. மதாம் என்று கூப்பிட்டு ஒப்பாரி வைக்க முடியாது, மதாம். முறை வேண்டும். பெரிய வீட்டுப் பிரெஞ்சுக்காரி நீங்கள். கூலிக்கு வந்தவன் பேத்தி நான். என்ன முறை சொல்வேன்?

மாமி என்னைப் பார்த்தார். சரட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கடல் தாண்டி வந்த அக்கா – ஒனக்குக்
கட்டியழ ஆளில்லையோ?
ஊருக்கெல்லாம் அழுகை தேடி – நீ
ஊமையாப் போனதென்ன?"

பாதியில் நிறுத்திவிட்டு என் தொடையில் ஒரு தட்டு. "நான் அக்கான்னுட்டேன். அப்ப ஒனக்கு அவ யாரு? பெரிய மாமியா. மாமியாவுக்கு மருமவ அழாம இருந்தா ஊரு சிரிக்கும். அழுடி."

அழுதேன். நன்றாகத் திட்டினேன். உடம்பு தேறிவிட்டது என்று ஏன் பொய் சொன்னீர்கள்? பிள்ளையைப் பார்க்காமல் போக அப்படியென்ன அவசரம்? கிளேரா இப்போது நிறுத்தாமல் நறுக்கிக்கொண்டே இருக்கிறாள், அதைக் கேட்க ஏன் இல்லை? அரிவாள் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கத்தி நின்றால் வாக்கியம் பிழைத்தது என்பீர்களே.

திரும்பி வந்ததும் தலை முழுகாமல் பிள்ளையைத் தொடக்கூடாது என்றார் மாமி. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, வள்ளி பசியில் வீடே அதிரக் கத்தினாள். அதைப்போல நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

இப்போது நாலாவது முறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.

இனி அந்தப் பக்கத்தை எழுத உட்காருகிறேன். மேலே தமிழில், கீழே பிரெஞ்சில். வெள்ளிக்கிழமைக் கப்பலில் போய்விடும். அச்சில் வராவிட்டால் பதிப்பாளரோடு சண்டை போடுவேன். கரும்பு தலைக்கு மேல் உயரும் ஒவ்வொரு வருஷமும் உள்ளே வந்து உங்களை ஏசுவேன். சோஃபியையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவளுக்கு நான் அண்ணியோ மதினியோ, முறையை மாமியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கச்சி வீட்டு மருமகள்,
பாக்கியம்