வெற்றிலை பாக்கோடு போங்கள்

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று மாமா வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். "ஆக்குன பண்டாரி யாருப்பா, கெட்டிக்காரனா இருக்கானே" என்றும் கேட்டீர்கள்.

ஆக்கியது வீரையனும் அவன் கூட்டாளிகளும்.

ஆமாம், அதே பையன்கள்தான். கூலியை உயர்த்திக் கேட்டதற்காக அவர்களுடைய தகப்பன்மாரை ஒதுக்கிவிட்டு, வெளியூர் ஆட்களை நம் வயலில் அறுப்புக்கு இறக்கினீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மதகில் குந்திக்கிடந்த பிள்ளைகளைத் தறுதலைகள் என்றீர்கள். நான் அவர்களைப் பிரியாணி ஆக்கப் பழக்குவதற்கு என் அடுப்படிக்குக் கூப்பிட்டேன். முதல் நாள் பொறுமையில்லாமல் தம் போட்ட தேக்சாவைப் பாதியில் திறந்து சோற்றைக் கெடுத்தார்கள். நேற்று மாமாவே திறக்கச் சொன்னபோது, "இன்னும் ஆகல மொதலாளி, செத்த பொறுங்க" என்று வீரையன் அவரைத் தடுத்து நிறுத்தினான்.

தம்பி கல்யாணத்துக்கும் அவர்கள் வேண்டுமென்றால், வெற்றிலை பாக்கோடு சேரிக்கு நீங்களே போய் அழையுங்கள். தகப்பன்மாரும் அங்கேதான் இருப்பார்கள். அறுப்புக்கும் சேர்த்தே கூப்பிட்டுவிடுங்கள்.

உங்கள் மூத்த மகள்