வெங்காயப் பைக்குள் உங்கள் போன்

எட்டேகாலுக்குக் குசினி ஜன்னலடியில் நிற்கும் என் அப்பாவுக்கு,

மூன்று நாளாக இதை எழுத உட்காருவதும் எழும்புவதுமாக இருக்கிறேன். நீங்கள் போன அன்றுகூட நான் இப்படி இடிந்துபோகவில்லை. அன்று செய்வதற்கு ஆயிரம் வேலை இருந்தது.

உங்கள் போன் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்துக் குசினி ஜன்னல் கம்பியில் நீங்கள் கொளுவிய அதே சிவப்பு வெங்காயப் பைக்குள், சார்ஜர் வயரோடு தொங்குகிறது. எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அந்த ஒரு கம்பியடியில்தான் சிக்னல் முழுதாக வரும் என்று வீடு முழுக்க நடந்து கண்டுபிடித்தவர் நீங்கள். கட்டிடத்துக்கு இன்னும் இணைய லைன் வரவில்லை என்று கம்பனிக்காரர் கையை விரித்தபோது, "அதுக்கென்ன, என்ட போன வை" என்று தூக்கிக் கொடுத்தீர்கள். ஹொட்ஸ்பொட்டைப் போட்டுத் தொங்கவிட்டு, "இதுதான் எங்கட ரவுட்டர்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினீர்கள். வைஃபைக்குப் பெயரும் உங்கள் பெயர்தான். நடராசாவோடு இணைந்தாயிற்று என்று என் கணினி இன்றைக்கும் சொல்கிறது.

ஒரேயொரு குறை. அந்தப் போனுக்கு யாராவது கோல் எடுத்தால் இணையம் அறுந்துவிடும். தினமும் காலை எட்டேகாலுக்கு, என் ஒஃபிஸ் மீட்டிங் தொடங்கும் நேரம் பார்த்து, ஒரு கணம் அறும். நான் அறைக்குள் இருந்து கத்துவேன். நீங்கள் ஜன்னலடியில் நின்றுகொண்டு, "வந்திட்டுது, வந்திட்டுது" என்பீர்கள். கீழே போகும் ரயிலைப் பார்க்கத்தான் அங்கே நிற்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். ஏன் நிற்கிறீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

நீங்கள் இரவு கண்ணை மூடி, மறுநாள் காலை உங்கள் செத்தவீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருந்து தம்பிக்கு உடனே வர வழியில்லை. உங்கள் முகத்தை வீடியோவில்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீடியோவும் உங்கள் போன் வழியாகத்தான் போனது. உங்களை நடுவீட்டில் கிடத்திவிட்டு உங்கள் போனிலேயே உங்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். உங்களை எடுப்பதற்கு முன் சுண்ணம் இடிக்கும் நேரம் படம் அப்படியே நின்றுவிட்டது. "அக்கா, அப்பாட முகம் நிண்டிட்டுது, ஏதாவது செய்" என்று அங்கே அவன் குழறினான்.

குசினிக்கு ஓடினேன். போன் அடித்துக்கொண்டிருந்தது. பெயரில்லாத ஒரு இலக்கம். நீங்கள்தான் ஒரு பெயரையும் போனில் போட்டு வைக்க மாட்டீர்களே, எல்லா இலக்கமும் தலைக்குள்தானே. ஏதோ விளம்பரக்காரர் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. கட் பண்ணி, அந்த இலக்கத்தையே தடுத்துவிட்டேன். படம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எட்டேகாலுக்கு இணையம் அறுந்ததே இல்லை. நான் திருத்திவிட்டேன் என்று பெருமை வேறு.

அன்றைக்கே உங்கள் மருமகன் ஹமீட் அங்கிளுக்குச் சொல்லக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் காலமெல்லாம் உங்கள் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு, பெருநாளுக்குப் பெருநாள் எங்களுக்கு வட்டிலப்பம் அனுப்பியவருக்கு, சொல்லாமல் விடுவோமா? வீட்டில் பூட்டு. கண் ஒப்பரேஷனுக்காகப் புத்தளத்தில் மகளிடம் போய்விட்டார் என்றார்கள். எங்களிடம் அவருடைய இலக்கம் இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். சொன்னது போய்ச் சேரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் ஹமீட் அங்கிள். கறுப்புக் கண்ணாடி, கையில் பேப்பரில் சுற்றிய கருவாடு.

"எங்க மகள் அப்பா? ரெண்டு கண்ணும் சரியாயிட்டுது. முதல்ல அவன்ட மூஞ்சியத்தான் பார்க்கோணும் எண்டு நேரா வாறன்."

உங்கள் படமும் விளக்கும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன. மறைத்துக்கொண்டு நின்றேன்.

"அங்கிள், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லையா? அப்பா மோசம் போயிட்டார். மூண்டு மாசமாகுது."

அவர் சிரித்தார். "விளையாடாதீங்க மகள். இண்டைக்குக் காலையிலயும் கட் பண்ணினானே."

"என்னத்தை அங்கிள்?"

"என்ட கோல."

அவரை உட்கார வைத்தேன். அப்போதுதான் சொன்னார். மனைவி போய் அவர் தனியாளான பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதாம். எட்டேகாலுக்கு அவர் உங்களுக்குக் கோல் எடுப்பார். நீங்கள் கட் பண்ணுவீர்கள்.

"கட் பண்ணினா ரெண்டு பேரும் நல்லா இருக்கம். நான் எடுக்கல்லையெண்டா அவன் என்னைத் தேடி வரோணும். கட் பண்ணாம முழு ரிங்கும் போனா நான் அவனைத் தேடி வரோணும். கதைக்கிறதெண்டா நேரிலதான், போனில அவன் கதைக்கமாட்டான், தெரியும்தானே. ஒரு நாளும் முழு ரிங் போகல்ல மகள்."

எப்படிப் போகும் அப்பா? தடுத்த இலக்கத்தை அந்தப் போன் தானாகவே கட் பண்ணிவிடும். உங்களை எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்து, முப்பத்தோராம் நாளும் செய்து முடித்தோம். அவ்வளவு நாளும் அந்தப் போன் வெங்காயப் பைக்குள் இருந்து நீங்கள் சுகமாக இருப்பதாக அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

நான் மட்டும் கை வைக்காமல் இருந்திருந்தால், அன்று ரிங் முழுக்கப் போயிருக்கும். அவர் உங்களைத் தேடி வந்திருப்பார். அதை நானேதான் அவரிடம் சொன்னேன். "கண் கட்டோடயெண்டாலும் வந்திருப்பன்" என்றார், அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தடையை எடுத்துவிட்டேன். "ஒருக்கா கோல் எடுத்துப் பார்க்கட்டா?" என்று கேட்டார். ஜன்னலில் உங்கள் போன் அடித்தது. அறைக்குள் என் கணினியில் இணையம் அறுந்தது. நான் பைக்கு முன்னால் நின்றேன், விரல் போகவில்லை.

"கட் பண்ணவா அங்கிள்?"

"வேணாம். முழுக்கப் போகட்டும்."

அடித்து ஓயும் வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஓய்ந்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி, அவர் உங்கள் படத்தைப் பார்த்தார். "இப்பத்தான் செத்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டுச் சத்தமாக அழுதார். ஒப்பரேஷன் செய்த கண், அழக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் புத்தளத்துக்குத் திரும்பிப் போகமாட்டாராம். கொட்டாஞ்சேனை வீட்டில் மறுபடியும் தனியாகத்தான் இருக்கிறார். நாங்கள் வேறு ரவுட்டர் ஒன்று வாங்கப் போகிறோம். உங்கள் போன் இனிமேல் வெறும் போன், ஆனால் அந்தக் கம்பியை விட்டு எடுக்க மாட்டேன்.

இன்று காலை எட்டேகாலுக்கு மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலடிக்குப் போனேன். அடித்தது. என் விரலால் கட் பண்ணினேன். நாளைக்கும் நிற்பேன், மறுநாளும் நிற்பேன். அடிக்காத அன்று, எந்த வேலையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஓட்டோ பிடித்துப் போய் அவர் கதவைத் தட்டுவேன். உங்களுக்குப் பிந்தியதுபோல அவருக்குப் பிந்த விடமாட்டேன் அப்பா.

இனி எட்டேகாலுக்கு உங்கள் இடத்தில் நிற்கும்,
உங்கள் கோபக்கார மூத்த மகள்,
சுமதி