ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு

மச்சான், முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஜேசிபி டிரைவர் ஒருவர் வெடித்துப்போன ஹைட்ராலிக் ஓஸ் குழாய் ஒன்றை என் ஓஸ் கடைக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து சொட்டிய எண்ணெயின் வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், கல்லாவில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசு, தொப்பை, மீசைக்கு மை, எல்லாம் சேர்ந்து குலுங்குவதைப் பார்த்த அந்த மனுஷன், கண்ணில் ஆயில் பட்டுவிட்டது என்று நினைத்து ஒரு பாட்டில் தண்ணீரை என் முகத்தில் ஊற்றினார். மீசை மை சட்டைவரை இறங்கியது. அரை மணி நேரத்தில் ராபர்ட்சன்பேட்டை பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் வம்பெல்லாம் பேசுகிறவனுக்கு இது சரியான கூலிதான்.

ஆயில் படவில்லை மச்சான். அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

பூதிகோட்டைப் பக்கம் ஏரிக்கரையில் பண்ணை வீடு கட்டிய பெங்களூர்க்காரரின் படகு நினைவிருக்கிறதா? அதன் பின்புறம் விசிறி பொருத்திய கனமான கால் ஒன்று தொங்கும். எண்ணெய் அழுத்தம் அதைத் தூக்கும், இறக்கும். அந்த எண்ணெய் போகும் ஓஸ்கள் வெடித்துக் கசிந்தன. மாற்றிக் கொடுத்தால் அங்கேயே படகு, பம்பு எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்கு என்று பேச்சு. மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய் ஜேசிபி ரிப்பேர் பார்த்து, இருட்டியபின் நந்திதுர்க் சுரங்க லைன் வீட்டுக்குத் திரும்பும் உன் பிழைப்பு அன்றோடு ஒழிந்தது என்று உன்னைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

கரையில், டிரெய்லர்மேல் நின்ற படகின் காலைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிட்டுப் பழைய ஓஸ்களைக் கழற்றினாய். காலின் இரண்டு பக்கமும் ஒன்று தூக்க, ஒன்று இறக்க. ஒவ்வொன்றிலும் நீலத் துணி கட்டி முடிச்சுப் போட்டாய். சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு.

“இன்னாடா இது, தாலி கட்டற மாரி?”

“கேஜ் மணிக் கணக்கு மச்சான். எங்கப்பா அடிச்ச மணி. உனுக்குத் தெரியாதா இன்னா?”

“தெரியாம? நானும் கேஜிஎஃப்ல பொறந்தவன்டா!”

பொய். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடைதான். தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, அந்தக் கேஜ், ஏற எத்தனை மணி, இறங்க எத்தனை மணி என்று எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த மணியெல்லாம் ஐஸ் வண்டி மணி.

பழைய ஓஸ்களின் அளவுக்குப் புதுசு செய்யக் கடைக்கு வந்தேன். வழியில் வாங்கிய போண்டாவைத் தின்று முடித்து, கை துடைக்கத் துணி தேடி, உன் நீலத் துணிகளிலேயே துடைத்துக் குப்பையில் போட்டேன். புதுசு தயாரான பிறகுதான் உறைத்தது. எது தூக்கும் ஓஸ், எது இறக்கும் ஓஸ் என்பது தெரியும்; எதற்கு எத்தனை முடிச்சு என்பதுதான் நினைவில்லை. உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் மணி தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! யோசித்தேன். ஷிஃப்டுக்குப் போகிறவன் முதலில் கீழேதானே இறங்குகிறான்? அப்படியானால் ஒன்று என்றால் கீழே. என் பழைய பனியனைக் கிழித்து அப்படியே கட்டிக் கொண்டுவந்தேன்.

பூட்டி முடித்ததும் கயிற்றை அவிழ்க்க வசதியாகக் காலைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாய். படகுக்காரர் பட்டனை அழுத்தினார். கால் கீழே போனது. “நிறுத்துங்க சார்!” என்று நீ கத்தினாய். அவரோ ஏறவில்லையே என்று இன்னும் அழுத்தினார். கயிறு அறுந்து, கால் சிமெண்டில் மோதி, அடித் தகடு உடைந்தது. ஜேசிபி பார்க்கிறவனைப் படகில் கைவைக்க விட்டது என் புத்திகெட்டதனம் என்று அவர் தன் வீட்டார் முன்னால் கத்தினார்.

நீ குனிந்து முடிச்சைப் பார்த்தாய். பனியன் துணி. பிறகு என்னைப் பார்த்தாய். நான் பறவை ஆராய்ச்சிக்கு வந்தவன் மாதிரி ஏரியில் இருந்த கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் கைதான் தப்பு சார்,” என்றாய்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, “முடிச்ச மாத்திப் போட்டுட்டேன் போலடா,” என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வுடு மச்சான், யாருக்கும் வர்றதுதான்.” உனக்கு நான் ஆறுதல் சொன்னேன்!

அதன்பிறகு நான்கு வருஷம் அதே ரயில். போன மாதம் அந்த பிளாட்பாரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். நான் அன்று வாயைத் திறந்திருந்தால் நீ ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டு இருந்திருப்பாய் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தப் பனியன் துணிகளில் ஒன்றை அன்றே அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சட்டை மாறினாலும் அது மாறவில்லை. ஒன்று மேலே, ரெண்டு கீழே. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இன்று மாலை அந்தத் துணியோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த உன் மனைவியிடம், என் தங்கச்சியிடம், போண்டா முதல் கொக்குவரை ஒன்றுவிடாமல் கொட்டினேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இன்னாண்ணா, இத்தினி வருசமா இதுக்கா உள்ளுக்குள்ள அழுதுனு கீறீங்க? அந்த வேல வாணாம்னு அன்னிக்குக் காலையிலயே முடிவு பண்ணிட்டாரு. தண்ணின்னா அவருக்கு அவ்ளோ பயம். ஒரு நாள் லீவு போட்டு உங்களோட ஸ்கூட்டர்ல சுத்தலாம்னுதான் வந்தாரு.”