பாக்கலாம்மா

கோபக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போனபிறகும் விடிந்தால் வாசலில் மனுவோடு கூட்டம்தான். சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு. கவுன்சிலர் இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை என்று யாருக்குக் கவலை?

அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவே பெட்டியோடு வந்து நின்று, "இனிமே என்னால முடியாதுங்க, நான் கிளம்பறேன்" என்றாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாக்கலாம்மா" என்றேன். வார்டு முழுக்கச் சொல்கிற பதில். ஆட்டோ கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

இனித் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று கட்சியில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட வருகிறேன். வாசலிலேயே நிற்க வை, திட்டு, முடியாது என்றுகூடச் சொல். "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொல்லியே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

இப்படிக்கு,
மனுவோடு வரும் உன் வீட்டுக்காரன்