பழைய ஜன்னலின் சாம்பல்

இன்று காலை எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசைக்கு வர்ணக்காரர்கள் வந்துவிட்டார்கள். எழுந்து வாய் கொப்பளிக்குமுன்பே அந்த வாசனை மூக்கில் ஏறியது. பழைய வர்ணத்தைத் தீயால் பொசுக்கிச் சுரண்டுகிற வாசனை. நண்பா, நீ உயிரோடு இருந்திருந்தால் ஆஸ்பத்திரிச் சட்டையோடு ஓடிவந்து அவர்களை ஏணியிலிருந்து இறக்கியிருப்பாய். நீ இல்லாததால் நான் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"தண்ணி தெளிச்சிட்டுச் சுரண்டுங்க தம்பி. தூசி உள்ள வருது, வீட்ல கைக்குழந்தை இருக்கு."

ஏணியில் நின்றவன் கீழே பார்த்தான். "ஏன் பெரியவரே, ஜன்னலுக்குச் சோப்பும் போடணுமா?" என்றான். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன், என் முகம் அதற்குப் பழக்கப்பட்டதுதானே. பிறகு உள்ளே வந்து எல்லா ஜன்னலையும் சாத்தினேன். பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள் பாக்கியத்தையும் அவள் பிள்ளையையும் அவள் அம்மாவோடு கோயில் பக்கம் அனுப்பிவிட்டேன். இப்போது சாத்திய வீட்டுக்குள் வியர்த்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

அந்தப் பழைய ஜன்னல் கதை நடந்தபோது பாக்கியத்துக்கு நாலு வயது. மழைக்காலம். ரப்பர் விறகு ஈரம் குடித்துப் புகைந்துகொண்டிருந்த நேரத்தில், ரயில்வே தச்சர்கள் வந்து வரிசை முழுக்கப் பழைய ஜன்னல் கதவுகளைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். கழற்றியதை எங்களுக்கே விட்டுவிட்டார்கள். எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காய்ந்து முறுகிய பலகை. வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கொண்டோம். போகிக்கு வைத்திருந்து வாசலில் கொளுத்தலாம் என்றாள் என் வீட்டுக்காரி. வெளியே கொளுத்தி வீணாக்குவானேன், அடுப்புக்கே ஆகட்டும் என்றேன். ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற நான் வீட்டில் பெரிய நிர்வாகி.

அந்தப் பலகை நன்றாகத்தான் எரிந்தது. சாம்பலும் வழக்கத்தைவிட வெளுப்பாக, மாவு போல விழுந்தது. அதை டப்பாவில் சேர்த்து வைத்தோம். பித்தளைப் பாத்திரம் அதில்தான் பளபளத்தது. நாங்களும் அதில்தான் பல் தேய்த்தோம். பாக்கியம் மட்டும் தேய்த்த விரலை வாயிலிருந்து எடுக்கவே மாட்டாள். சாம்பல் இனிக்கிறது என்பாள். இதை டப்பாவில் அடைத்து பாசார் சந்தையில் விற்கலாமே என்று நான் கொட்டகையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

பொங்கல் கழிந்து பிள்ளை சோறு வேண்டாம் என்றது. முகம் வெளிறியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும்; என் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் கொஞ்சம் அடங்கும். ஓம தண்ணீர், விளக்கெண்ணெய், திருநீறு, மிளகாய் சுற்றிப் போடுவது, எதையும் நாங்கள் விடவில்லை. ஒரு நாள் தம்ளரைக் கொடுத்தேன். வாங்கிய கை மணிக்கட்டில் துவண்டு, தம்ளர் கீழே விழுந்தது. குறும்பு என்று நினைத்து மறுபடி கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ தேநீருக்கு வந்தாய். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் வந்துவிட்டார் என்று வரிசையே தன் புண்ணையும் காய்ச்சலையும் எடுத்துக்கொண்டு வாசலில் கூடும் வழக்கம். நீ யாரையும் பார்க்கவில்லை. பாக்கியத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து கீழுதட்டை மடக்கினாய். பல்லை ஒட்டி ஈறின் ஓரத்தில், மைக்கோலால் இழுத்தது போல நீலமும் கறுப்புமாக ஒரு கோடு.

"நாவப்பழம் தின்னிருப்பா" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு நீ சிரிக்காமல் இருந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எதுல பல்லு தேய்க்கிறீங்க?" என்று என் வீட்டுக்காரியைக் கேட்டாய்.

"அடுப்புச் சாம்பல்தான் அண்ணே. எல்லாரையும் போலத்தான்."

"என்ன விறகு?"

மூலையில் அடுக்கியிருந்த ஜன்னல் கதவுகளை நான் பெருமையாகக் காட்டினேன். நீ ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாய். மேலே பச்சை, அதற்கடியில் வெள்ளை, அதற்கும் அடியில் இன்னொரு வெள்ளை. அந்தக் கால வர்ணத்தில் காரீயம் கலந்திருக்கிறது, எரித்தால் அது போகாது, புகையிலும் சாம்பலிலும் தங்கும், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் உடம்பில்தான் அதிகம் ஊறும் என்றாய். நான் விடவில்லை; ஈயச் செம்பில்தானே ரசம் வைக்கிறோம் என்றேன்.

"அது வெள்ளீயம், இது வேற. பேசாம புள்ளயத் தூக்கு."

ரிக்ஷாவில் நான் பிள்ளையோடு உட்கார, நீ ஆஸ்பத்திரி வரை கூடவே ஓடிவந்தாய். பெரிய டாக்டரும் உதட்டை மடக்கிப் பார்த்துவிட்டு உன்னிடம் தலையாட்டினார். பேதி உப்பும் பாலும் கொடுத்தார்கள். வலிப்பு இழுப்பு வந்தால்தான் ஆபத்து என்று நீ சொன்னதால், நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொட்டாவி விட்டால்கூட எனக்கு உயிர் போய் வந்தது. பிழைப்பாளா என்று கேட்டேன். நீ என் கைகளைப் பார்த்தாய். வீட்டிலிருந்து வந்த சாம்பல் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. அந்தக் கையால்தான் அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படு. வேணாங்கல. ஆனா கையைக் கழுவிட்டுப் பயப்படு."

அதற்குள் நீ வரிசைக்குப் போய் வீடு வீடாகச் சாம்பல் டப்பாக்களையும் பலகைகளையும் வாங்கிக் குழி தோண்டிப் புதைத்தாய். டிரெஸ்ஸருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். கடைசி வீட்டில் கைக்குழந்தைக்குப் பொங்கலுக்கு முன்பே இழுப்பு வந்து, மாந்தம் என்று சொல்லி அடக்கம் செய்திருந்தார்கள். அந்தத் தாய் அடுப்புப் பக்கத்தில்தான் தொட்டில் கட்டியிருந்தாள். நீ அவளிடம் பலகையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய். அது இதனால்தானா என்று உன்னைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும். அந்தம்மாகிட்ட வாயத் தொறக்காத" என்றாய். இன்றுவரை திறக்கவில்லை. எதிரே வந்தால் மட்டும் நான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொள்கிறேன்.

பாக்கியம் பிழைத்தாள். கை நிமிர்ந்தது. ஈறிலிருந்த கோடு மெல்ல மறைந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கணக்கு அவளுக்கு ஏறவே இல்லை. கேட்டதைப் பாதியில் மறந்துவிடுவாள். அவள் படிப்பை நிறுத்திய வருஷம் உன்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், இது அந்தச் சாம்பலாலா என்று.

"நீ எதுவரைக்கும் படிச்ச?"

"ஏழாவது. அதையும் ரெண்டு தரம்."

"அப்ப உன் புள்ளதான், போ."

இருவரும் சிரித்தோம். ஆனால் சிரிக்கும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, தேநீர்க் கோப்பையைப் பார்த்தாய். என்னைப் போல மந்தம் என்று யாராவது அவளைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அது என்னிடமிருந்தே வந்ததாக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்ட அப்பன் இந்தக் கோலாலம்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். உன் பாடையைத் தூக்கியபோதுகூட, இனி பிள்ளைகளின் உதட்டை மடக்கிப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பல் பார்க்கும் மாட்டுத் தரகர் வந்துவிட்டார் என்று வரிசைப் பிள்ளைகள் என்னைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றன.

இப்போது சுரண்டும் சத்தம் நின்றிருக்கிறது. ஜன்னல் இடுக்கு வழியாக வந்த வெள்ளைத் தூசி தரையில் மெல்லிசாகப் படிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், காய்ந்ததும் மறுபடி தெரிகிறது, மறுபடி துடைத்தேன். சாயந்திரம் பேரப்பிள்ளை வந்ததும் அவன் உதட்டையும் மடக்குவேன். ஆனால் அவனுக்கு இன்னும் ஒரு பல்கூட முளைக்கவில்லை. பல் இல்லாத ஈறில் அந்தக் கோடு தெரியாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

வாசலில் பாக்கியத்தின் குரல் கேட்கிறது. கையைக் கழுவிவிட்டேன். இனிப் பயப்படலாம்.